பதினொன்றாம் நிலையத்தின் கையேடு

அந்த அலுவலகத்தில் அவளுக்கு மேனுவலக்கா என்று பெயர் விழுந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது. வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற ஒரு வருஷமே பாக்கியிருந்த வாசல் காவலாளிகூட, "என்ன மேனுவலக்கா, இன்னிக்கு ரெண்டு நிமிஷம் லேட்டு" என்பார். "உங்களுக்கு நான் அக்காவா?" என்று ஒருநாள் கேட்டதற்கு, "எனக்கு இல்லம்மா, மேனுவலுக்கு நீங்க அக்கா" என்றார். அதுவும் சரிதான் என்று அவளுக்குப் பட்டது.

குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் நிறுவனம் அது. எந்த மோட்டார் ஓடுகிறது, எந்த வால்வு மூடியிருக்கிறது, தண்ணீரில் எவ்வளவு குளோரின் கலக்கிறது என்பதையெல்லாம் ஒரே திரையில் காட்டும் மென்பொருள். நாற்பத்து மூன்று நிலையங்களில் அது ஓடிக்கொண்டிருந்தது. பாதுகாப்புக்காக அந்த நிலையங்களின் கணினிகளுக்கு வெளி இணையத்தை வெட்டி வைத்திருந்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து போகும் ஒற்றைத் தடம் மட்டும் உண்டு. ஆகவே ஆபரேட்டருக்கு ஒரு சந்தேகம் வந்தால் வெளியே எங்கும் தேட முடியாது. திரையின் மூலையில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்த வேண்டும். அழுத்தினால், அந்த நிலையத்து சர்வரிலேயே ஏற்றி வைத்திருக்கும் கையேடு திறக்கும். அந்தக் கையேட்டை எழுதுவதும், சர்வரில் ஏற்றுவதும், பழையதை இறக்குவதும் அவளுடைய வேலை.

ஏற்றி இறக்குவது என்றால் மௌஸைப் பிடித்து இழுத்துப் போடுகிற சங்கதி இல்லை. அந்த சர்வர்களில் படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். தன் மேசையிலிருந்தபடியே தடத்தின் வழியாக அந்தந்த நிலையத்து சர்வருக்குள் நுழைந்து, கட்டளையை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். கையேடுகளைப் பேக்கேஜ்களாகக் கட்டி வைத்திருப்பார்கள். அவள் பொட்டலம் என்பாள். லிஸ்ட் என்று அடித்தால் உள்ளே என்னென்ன பொட்டலம் இருக்கிறது, எந்தப் பதிப்பு என்று வரிசையாகச் சொல்லும். இன்ஸ்டால் என்றால் ஏற்றும். ரிமூவ் என்றால் இறக்கிவிடும். கறுப்புத் திரைக்கு முகதாட்சண்யம் கிடையாது. சொன்னதைச் செய்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

இந்த வேலைக்கென்று அவள் படித்து வரவில்லை. டைப்பிஸ்டாக உள்ளே வந்தவள். பொறியாளர்கள் கிறுக்கித் தரும் குறிப்புகளை அடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "சார், இந்த வாக்கியத்துக்குத் தலை எது, வால் எதுன்னே தெரியல. வால்வ மூடணுமா, தொறக்கணுமா?" என்று கேட்கப்போய், "உனக்குப் புரியற மாதிரி நீயே எழுதேன்" என்று ஒருவர் அவள் தலையில் கட்டினார். அப்படி எழுதத் தொடங்கியவள்தான். சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு நிறுவனத்துக்குத் தாவியபோது, நான்கு கட்டளைகள் எழுதிய ஒரு துண்டுத்தாளை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மீதியை அவளே முட்டி மோதிக் கற்றுக்கொண்டாள். முதல் மாதமே ஓர் இடைவெளியைத் தப்பாக அடித்து, மூன்றாம் நிலையத்தில் இருந்த பொட்டலம் முழுவதையும் துடைத்துவிட்டாள். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றியும்விட்டாள். யாருக்கும் தெரியவில்லை. ஆனால் ஏற்றி முடித்ததும் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது. ரிமூவ் அடிக்கும் முன் லிஸ்ட். லிஸ்டை வாய்விட்டுப் படிப்பது. அடித்த பிறகு மறுபடியும் லிஸ்ட். போதாததற்கு, சுவரில் ஓர் அட்டை மாட்டினாள். நாற்பத்து மூன்று கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அந்த நிலையத்தில் ஓடும் மென்பொருள் எந்தப் பதிப்பு என்பதைப் பென்சிலால் எழுதி வைத்தாள். மென்பொருள் எந்தப் பதிப்போ, கையேடும் அதே பதிப்பாக இருக்க வேண்டும். வீட்டு வரைபடத்தை மாற்றிக் கொடுத்தால் சமையலறை என்று நினைத்துக் குளியலறைக்குள் போய் நிற்பான் என்பாள்.

அவளுடைய கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவர். அதிகம் பேசாதவர். பேசினால் இப்படித்தான் பேசுவார்: "நீயும் நானும் ஊருக்கெல்லாம் தெளிவாத் தெரியணும்னு வேலை பாக்கறோம். நம்மள மட்டும் யாருக்கும் தெரியல." அவள் சிரிப்பாள். தெரியாமல் இருப்பதில் அவளுக்குக் குறை ஒன்றும் இருக்கவில்லை, தம்பி வருகிற வரைக்கும்.

தம்பி அவளுக்கு ஒன்பது வயது இளையவன். படிப்பு முடித்து இரண்டு வருஷம் சும்மா இருந்தவனை, பெரிய மேலாளர் அறை வாசலில் மூன்று நாள் நின்று உள்ளே சேர்த்துவிட்டவள் அவள்தான். வந்தவன் கெட்டிக்காரன். பேச்சு வழுக்கிக்கொண்டு வரும். எந்தக் கூட்டத்தில் எப்போது தலையாட்ட வேண்டும், எப்போது முகத்தைச் சுளிக்க வேண்டும் என்று பிறவியிலேயே தெரிந்தவன். ஆறே வருஷத்தில் துறைத் தலைவர் ஆகிவிட்டான். அவள் இருந்த துறைக்குத்தான். எல்லோர் எதிரிலும் வாய் நிறைய "அக்கா" என்றுதான் கூப்பிடுவான். அவனுடைய அறிக்கைகளைப் பெரியவர்களுக்கு அனுப்பும் முன் அவளிடம் கொண்டுவந்து, "அக்கா, கொஞ்சம் தொட்டுக்குடு" என்பான். அவள் தொட்டுக்கொடுத்தால் பாதி அறிக்கை புதிதாக இருக்கும். அந்த அறிக்கைகளைப் பாராட்டி மேலிடத்திலிருந்து வரும் கடிதங்களை அவனே அவளுக்குப் படித்துக் காட்டுவான். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது.

ஆறாம் பதிப்பு வந்த வருஷம் அது. மென்பொருளையே தலைகீழாகப் புரட்டிப் புதிதாக வரைந்திருந்தார்கள். பழைய பதிப்பில் குளோரின் வரும் வால்வுக்கு ஏ என்றும், கசிந்த வாயுவை வெளியே இழுத்துச் சுண்ணாம்புத் தொட்டிக்கு அனுப்பும் வால்வுக்கு பி என்றும் பெயர். யாரோ ஒரு புதுப் பொறியாளர் இரண்டையும் மாற்றிப் பெயரிட்டுவிட்டார். "எதுக்கு சார் மாத்தினீங்க?" என்று கேட்டாள். "வரைபடத்துல இடமிருந்து வலமா அழகா வருது" என்றார். அவளும் கையேட்டில் அந்தப் பக்கத்தை மாற்றி எழுதினாள். கசிவு மணி அடித்தால் முதலில் பி-யை மூடவும், பிறகு ஏ-யைத் திறக்கவும். மூன்றே வரி. பயத்தில் இருப்பவனுக்கும் கண்ணில் படும்படி பெரிய எழுத்து. மேலே ஒரு கட்டம் கட்டி, இது ஆறாம் பதிப்புக்கு மட்டும் என்றும் போட்டாள்.

முப்பத்தொன்பது நிலையங்களுக்குப் புது மென்பொருள் போய்ச் சேர்ந்துவிட்டது. நான்கு நிலையங்களில் கணினிகள் ரொம்பப் பழசு. மாற்றிய பிறகுதான் ஏற்ற முடியும். அவள் அட்டையில் ஏழு, பதினொன்று, இருபத்தாறு, நாற்பது ஆகிய கட்டங்களில் மட்டும் நான்காம் பதிப்பு என்றே இருந்தது.

ஒரு புதன்கிழமை காலை தம்பி அவள் மேசைக்கு வந்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, வெள்ளிக்கிழமை தணிக்கை. பழைய பதிப்பு கையேடு எந்த சர்வர்ல இருந்தாலும் அறிக்கையில செவப்பாக் காட்டும். எல்லாத்தையும் எடுத்துடு."

"நாலு இடத்துல இன்னும் பழைய மென்பொருள்தானேப்பா ஓடுது."

"அடுத்த வாரம் அதையும் மாத்திடுவாங்க. பேசியாச்சு."

"மாத்தட்டும். மாத்தின அன்னிக்கு எடுக்கறேன். ஓடறது ஒண்ணு, படிக்கிறது ஒண்ணுன்னா வம்புல முடியும்."

"ஒரு வாரம்க்கா. ஒரு வாரத்துல என்ன ஆயிடப்போகுது?"

"அப்ப ஒரு வரி எழுதி அனுப்பு. நாலு இடத்துலயும் எடுக்கச் சொல்லி."

அவன் முகம் சுருங்கியது. பிறகு சிரித்தான். "எங்கிட்டயே எழுத்துல கேக்கறியா? சரி, நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. யாருக்கா மேனுவல் படிக்கிறாங்க? பதினாறு வருஷமா எழுதற. ஒரு ஆளாவது படிச்சேன்னு உனக்கு போன் பண்ணியிருக்கானா?"

சொல்லிவிட்டு அவள் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு அது வேடிக்கைப் பேச்சு. அடுத்த கூட்டத்துக்கு நடக்கும்போதே மறந்திருப்பான்.

அவளுக்கு அது மறக்கவில்லை. யோசித்துப் பார்த்தாள். நிஜமாகவே ஒருவரும் போன் செய்ததில்லை. அவள் உட்காரும் அந்த மூலை, சுவரில் பென்சில் எழுத்து, எதிரே கறுப்புத் திரை, பக்கத்து மேசையில் யாரோ மென்றுகொண்டிருந்த சத்தம், எல்லாமே அந்த நிமிஷத்தில் அவளைக் கேலி செய்வது போல் இருந்தது. எல்லா நிலையங்களுக்கும் ஒரே கட்டளையாக அடிக்க வழி உண்டு. அதிலிருந்து வேண்டாதவற்றை விலக்கவும் வழி உண்டு. கட்டளையின் கடைசியில் நான்கு எண்களைச் சேர்த்தால் போதும். இதற்கு முன் எத்தனையோ தரம், மேலிடத்துக்குத் தெரியாமல் அப்படிச் சில நிலையங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். அறிக்கை சிவந்தால் வசவு வாங்கிக்கொண்டு நிற்பாள்.

அன்றைக்கு எண்களைச் சேர்க்கவில்லை. யாரும் படிக்கிறதில்லைன்னா எது இருந்தா என்ன, எது இல்லாட்டி என்ன என்று மனசு சொன்னது. லிஸ்டும் அடிக்கவில்லை. ரிமூவ் அடித்தாள். நான்காம் பதிப்பு, எல்லா நிலையங்களும். நிச்சயமா என்று திரை கேட்டது. ஆம் என்று அடித்தாள். மணி பதினொன்று நாற்பத்திரண்டு. ஏழு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. புது மென்பொருள் வரும்போது தயாராக இருக்கட்டும் என்று ஆறாம் பதிப்புக் கையேட்டை நாற்பத்து மூன்றிலும் ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்தாள்; ஓடும் பதிப்புக்கு உரியது இல்லாவிட்டால் இருப்பதே திறக்கும். அந்த நான்கு நிலையங்களிலும் கேள்விக்குறியை அழுத்தினால் இனி ஆறாம் பதிப்புக் கையேடுதான் திறக்கும்.

தணிக்கை பச்சையாக முடிந்தது. அடுத்த வாரம் வரவேண்டிய கணினிகள் வரவில்லை. அவள் கோபம் தணிந்திருந்தது. தம்பியின் அறைக்குப் போய், "அந்த நாலுலயும் பழசைத் திரும்பப் போட்டுடட்டுமா?" என்று கேட்டாள். "போட்டா மறுபடியும் செவப்பாயிடும்க்கா. ரெண்டு நாள் பொறு" என்றான், தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே. பொறுத்தாள். இரண்டு நாள் என்பது மூன்று வாரமானது. இடையில் ஒருநாள்கூட அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்காமலே திரும்ப ஏற்றியிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை.

நான்காவது வாரம் திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பதினொன்றாம் நிலையத்தில் கசிவு மணி அடித்தது. பணியில் இருந்த ஆபரேட்டர் பதறி ஓடவில்லை. கேள்விக்குறியை அழுத்தினார். பக்கம் திறந்தது. மூன்று வரியையும் படித்தார். பி-யை மூடினார். ஏ-யைத் திறந்தார். அங்கே ஓடிக்கொண்டிருந்த பழைய மென்பொருளில் அதற்கு அர்த்தம், வாயு வெளியேறும் வழியை அடைத்துவிட்டு, வாயு வரும் வழியை முழுக்கத் திறந்துவிடுவது. கதவு வரைக்கும் வந்துதான் விழுந்திருந்தார். அதனால் உயிர் தப்பியது. நுரையீரல் வெந்துபோய்விட்டது.

செய்தி தலைமை அலுவலகத்துக்கு வந்தபோது அவள் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். பதினொன்றாம் நிலையம் என்று யாரோ சொன்னதும் குழாயைக்கூட மூடாமல் ஓடிவந்து அட்டையைப் பார்த்தாள். பார்க்க என்ன இருக்கிறது. அவள் கையெழுத்துதான். நான்கு.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். தம்பி வீட்டில் இருப்பவள். முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறித் தனியாக வந்திருந்தாள். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அவன் தூங்கி ஒரு வாரமாச்சு" என்றாள்.

"நானும்தான்மா."

"உனக்கு இன்னும் ஆறு வருஷம்தான் வேலை. அவனுக்கு பதினஞ்சு வருஷம் இருக்கு. ரெண்டும் சின்னப் புள்ளைங்க. நீ வாயைத் தொறக்காம இருந்தா அவன் தப்பிச்சிடுவான்."

"நான் என்னம்மா ஆவேன்?"

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீ எதையும் தாங்கிக்குவ. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

கணவர் அடுத்த அறையிலிருந்து வந்து, "அத்தை, வாங்க, பஸ் ஏத்தி விடறேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அம்மா எழுந்துகொண்டாள்.

கண்ணாடிச் சுவர் போட்ட கூட்ட அறையில் விசாரணை நடந்தது. வெளியிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், ஓய்வு பெற்ற பொறியாளர், தணிந்த குரலில் பேசுபவர். அவருக்கு இடப்பக்கம் தம்பி உட்கார்ந்திருந்தான். அதிகாரி ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். சர்வர் தானாக எழுதி வைத்திருந்த பதிவு. அவளுடைய பயனர் பெயர், தேதி, நேரம், கட்டளை, எல்லாம் ஒரே வரியில்.

"இதை அடிச்சது நீங்கதானா?"

"நான்தான்."

"சொந்த முடிவா? யாராவது சொன்னாங்களா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். "துறைத் தலைவர் சொன்னார். வாய்மொழியா" என்றாள்.

அதிகாரி அவன் பக்கம் திரும்பினார். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான். "பழைய பதிப்பை எடுக்கணும்னு பொதுவாச் சொன்னது உண்மை சார். எந்த நிலையத்துல எப்ப எடுக்கிறதுங்கறது அவங்களோட தொழில்நுட்ப முடிவு. அதுக்காகத்தான் அந்தப் பட்டியலை அவங்க சுவத்துல மாட்டி வெச்சிருக்காங்க."

அவங்க. இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் முதல்முறையாகக் கேட்டாள். அதிகாரி மேசைக்கடியிலிருந்து அட்டையை எடுத்து நிமிர்த்தி வைத்தார். சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்தார்கள்.

"இது உங்க கையெழுத்துதானே? பதினொண்ணுக்கு நேரா நாலுன்னு இருக்கு. அப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"இந்த நாலு நிலையத்தை மட்டும் விட்டுட்டு அடிச்சிருக்க முடியுமா?"

"முடியும்."

"ஏன் செய்யலை?"

தம்பி சொன்ன மற்ற எல்லாவற்றையும் சொல்லத் தயாராக வந்திருந்தாள். யாருக்கா மேனுவல் படிக்கிறாங்க என்று அவன் கேட்டதை இந்தக் கண்ணாடி அறைக்குள் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். உள்ளதைச் சொன்னாள்.

"கோவம் சார். கோவத்துல அடிச்சேன்."

தட்டெழுத்தர் அதை அப்படியே அடித்துக்கொண்டார். அறிக்கை வெளிவந்தபோது மூன்றாம் பத்தியில் இருந்தது: ஊழியர் தனிப்பட்ட கோபத்தின் காரணமாகப் பாதுகாப்பு நடைமுறையை மீறியுள்ளார். அன்று முழுக்க அவள் சொன்னவற்றில் அந்த ஒரு சொல்லைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். தம்பிக்குக் கண்காணிப்புக் குறைவு என்று ஓர் எச்சரிக்கைக் கடிதம். அவளுக்குப் பணிநீக்கம்.

கடைசி நாளன்று, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் முன், அவளை மறுபடி அந்த மேசையில் உட்கார வைத்தார்கள். நான்கு நிலையங்களிலும் பழைய கையேட்டைத் திரும்ப ஏற்ற வேண்டும். வேறு யாருக்கும் தெரியாது. பின்னால் இரண்டு பேர் நின்று அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிஸ்ட். இன்ஸ்டால். லிஸ்ட். நான்கு முறை. வாய்விட்டுப் படித்தாள். பதினொன்றாம் நிலையத்துக்கு வந்தபோது மட்டும் மனசுக்குள் படித்துக்கொண்டாள். எழுந்து வெளியே வரும்போது வாசல் காவலாளி வணக்கம் சொன்னார். மேனுவலக்கா என்று கூப்பிடவில்லை. அவருக்கும் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து, ஆபரேட்டர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டாள். விலாசம் விசாரித்துக்கொண்டு போனாள். கணவரும் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றாள். இரண்டாம் மாடி வீடு. ஆபரேட்டர் ஜன்னலோரம் நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மாடிப்படி ஏற முடியாததால், தூக்கிக்கொண்டு வந்து உட்காரவைத்ததிலிருந்து கீழே இறங்கவே இல்லை என்றாள் அவர் மனைவி. அவருக்குப் பேச்சு நான்கு சொல்லுக்கு ஒரு மூச்சு என்று வந்தது.

"நான் அந்தக் கையேடு எழுதினவ" என்று ஆரம்பித்தாள்.

அவர் முகம் மலர்ந்தது. அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"நீங்களா மேடம். நான் ஆம்பளைன்னு... நெனச்சிருந்தேன்." மூச்சு வாங்கினார். "நல்லா எழுதுவீங்க. ராத்திரி... ஷிஃப்ட்ல... பொழுது போகாட்டி... அதைத்தான் படிப்பேன். எல்லாரும்... கிண்டல் பண்ணுவாங்க."

அவள் ஜன்னல் பக்கம் இன்னும் ஓரடி நெருங்கி நின்றாள்.

"வடிகட்டி கழுவற பக்கத்துல... ஒரு எழுத்துப்பிழை... இருந்துச்சு. சொல்லணும்னு... ரெண்டு வருஷமா... யாருக்கு போன் பண்றதுன்னு... தெரியல."

"என்ன பிழை?" என்றாள். அதை மட்டும்தான் கேட்க முடிந்தது. அவர் சொன்னார். நிஜமாகவே பிழைதான். ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது.

மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "அன்னிக்கு அந்தப் பக்கத்தைப் படிச்ச மாதிரியே செஞ்சாராம். திரும்பத் திரும்ப அதையேதான் சொல்றார். அது வேற பதிப்புக்குன்னு மேல போட்டிருந்துச்சாமே. இவங்க நிலையத்துல எது ஓடுதுன்னு இவங்களுக்கு யார் சொன்னா?" டம்ளரை நேராக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். "இவருக்குப் பதிலா கூட வேலை பாக்கறவங்க வேற யாராவது இருந்திருந்தா மணி அடிச்சதும் வெளிய ஓடியிருப்பாங்க. படிக்கிற ஆளா இருந்ததால மாட்டிக்கிட்டார்."

இப்போது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பழைய பக்கத்தை எடுத்தது நான்தான், உங்கள் நிலையத்தில் எது ஓடுகிறது என்று தெரிந்தே எடுத்தேன் என்று. அதற்காகத்தானே வந்தாள். மாடி ஏறும்போது வாக்கியத்தைக்கூட அமைத்து வைத்திருந்தாள், தலையும் வாலும் சரியாக. ஆனால் அவர் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் அவள் சந்தித்த ஒரே வாசகர் அவர்தான். அந்தச் சிரிப்பைக் கலைக்க மனசு வரவில்லை. அவருக்காக என்று அப்போது நினைத்துக்கொண்டாள். தனக்காகத்தான் என்பது படியிறங்கும்போதே தெரிந்துவிட்டது.

"பிழையைத் திருத்திடச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். யாரிடம் சொல்வாள்? அந்த அலுவலகத்துக்குள் அவள் காலெடுத்து வைக்கவே முடியாது.

பிறகு ஒரு பல் மருத்துவரிடம் முன்மேசை வேலை கிடைத்தது. வருகிறவர்களின் பெயரை எழுதி, வரிசைப்படி உள்ளே அனுப்ப வேண்டும். சம்பளம் குறைவு, தொல்லையும் குறைவு. தம்பி ஒரு வருஷத்தில் வேறு பிரிவுக்கு இன்னும் பெரிய தலைவராகப் போய்விட்டான். அம்மாவைப் பார்க்கப் போகும்போது சில சமயம் எதிர்ப்படுவான். "எப்படிக்கா இருக்க?" என்பான். "இருக்கேன்" என்பாள். அவன் முகத்தில் வெட்கமும் இல்லை, வெறுப்பும் இல்லை. அக்கா தப்பு செய்துவிட்டாள், தான் அதைப் பெரிதுபடுத்தவில்லை என்கிற பெருந்தன்மை இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவனைத் திட்டலாம் என்று வாயெடுக்கும்போதெல்லாம், எண்களைச் சேர்க்காமல் விட்டது தன் விரல்தான் என்பது குறுக்கே வந்து நிற்கும். அதற்குப் பிறகு அவன் இருக்கும் நாளில் அங்கே போவதைக் குறைத்துக்கொண்டாள்.

கணவரிடம் ஒருநாள் சொன்னாள். "அவர்கிட்ட நான் சொல்லாமலே வந்துட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லாதது உன்னை அரிக்குதுன்னா போய்ச் சொல்லிடு. அவர் என்ன சொல்வாருன்னு யோசிச்சா போக மாட்டே."

யோசித்துக்கொண்டே ஏழெட்டு மாதம் போய்விட்டது. ஒரு சனிக்கிழமை மதியம் மருத்துவர் வரவில்லை என்று சீக்கிரம் விட்டார்கள். நேராக அந்த வீட்டுக்குப் போனாள். இரண்டு மாடி ஏறினாள். கதவில் பூட்டுத் தொங்கியது. ஜன்னல் சாத்தியிருந்தது. எதிர்வீட்டுப் பெண் ஈரத்துணியை உதறியபடி எட்டிப் பார்த்தாள்.

"அவங்க காலி பண்ணிட்டுப் போயி ஒரு மாசமாச்சே. மாடி ஏற முடியாதுல்ல அவரால. எங்கியோ தரைவீடாப் பாத்துக்கிட்டுப் போறோம்னு சொன்னாங்க."

"எங்கேன்னு தெரியுமா?"

"விலாசம் குடுக்கலையே. போன் நம்பரும் மாத்திட்டாங்க போல, எடுக்க மாட்டேங்குது. நீங்க யாரு? ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க, என்னிக்காவது வந்தா சொல்றேன்."

"இல்ல, தெரிஞ்சவங்கதான்" என்றாள். "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

எதிர்வீட்டுப் பெண் தலையாட்டிவிட்டுத் துணியைக் கொடியில் போடப் போனாள். இவள் பூட்டின் முன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.